டீசல் கட்டாடியாரின் இரண்டு போத்தல்கள்

மட்டக்களப்பு வாவியை இறைத்து வற்றவைத்துத் தேடினாலும் டீசல் கட்டாடியாரைப் போல் இன்னொருவர் அகப்படமாட்டார். அம்மன் கோயிலில் உருவேறி, வந்தவரை எந்தப் பேய் பிடித்திருக்கிறது என்று கட்டுச் சொல்பவரைத்தான் எங்கள் பக்கம் கட்டாடியார் என்போம். இவர் டீசலுக்குக் கட்டுச் சொன்னார்.

குருக்கள்மடத்திலிருந்து வாவியைக் கடந்து படுவான்கரைக்கு ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிப்போகிற மிதவைக்குப் 'பாதை' என்று பெயர். அதன் இஞ்சினை ஓட்டியவர் அவர். நான் அக்கரைக் கிராமங்களுக்குப் பொறுப்பான மருத்துவமாது, ஊர் வாயில் 'மிஸி'. போகும்போது ஒருதரம், வரும்போது ஒருதரம் அவருடைய பிரசங்கத்தைக் கேட்டே ஆகவேண்டும். நடுத்தண்ணீரில் இறங்கி எங்கே ஓடுவது?

முன்பு கப்பலில் இஞ்சின் அறையில் வேலை பார்த்தவர். மற்றவர்கள் ஊர் திரும்பும்போது சென்ட்டும் சொக்லேட்டும் கொண்டுவருவார்கள். இவர் இரண்டு சாராயப் போத்தல் நிறைய டீசல் கொண்டுவந்தார். ஒன்று ஐரோப்பாவில் வாங்கியது, மற்றது அமெரிக்காவில். வாயை மெழுகால் அடைத்து, கறுப்புத் துணி சுற்றி, பாதையின் இஞ்சின் பெட்டிக்குள் வைத்திருந்தார். யாரும் தொடக்கூடாது. வெள்ளிக்கிழமைகளில் இரண்டுக்கும் சாம்பிராணி. டீசலுக்குப் பக்கத்தில் நெருப்பு! வெள்ளிக்கிழமைகளில் நான் பாதையின் மற்ற அந்தத்தில்தான் நிற்பேன்.

"மிஸி, டீசலுக்குப் பொறி தேவல்ல. காத்த நெரிச்சுச் சூடாக்கி, அதுக்குள்ள பீச்சி அடிச்சாத் தானாப் பத்தும். ஐரோப்பாட டீசல் கூப்பிட்ட உடன 'ஓம்' எண்டு எழும்பும். அமெரிக்காட டீசல் கொஞ்சம் யோசிச்சுப்போட்டுத்தான் எழும்பும். மறுகா ஒரே அடி. அதுதான் இஞ்சின் தட்டுற சத்தம்."

"அது ஏன் யோசிக்குது?"

"கந்தகத்த ரெண்டு பேரும் நல்லாக் கழுவித்தான் வச்சிரிக்காங்க. அமெரிக்காவில சீட்டேன் குறைவு."

சீட்டேன் என்பது டீசல் எவ்வளவு விரைவாகப் பற்றும் என்பதற்கான அளவாம். மனுஷன் புளுகுகிறார் என்று நிரூபிக்கத்தான் விசாரித்தேன். அவர் சொன்னது அத்தனையும் சரியென்று தெரிந்ததும் எனக்குப் பெரிய ஏமாற்றம்.

"அப்ப எங்கட டீசல் எப்பிடி அண்ணன்?"

"அது பெற்றோல் செட் லைன்ல நிண்டு களைச்சு வந்தது. அதிட்ட ஒண்டும் கேக்காதீங்க."

இதுவரைக்கும் சிரிப்புத்தான். அடுத்ததற்கு யாரும் சிரிப்பதில்லை. "கூப்பிட்டதுக்கும் எழும்புறதுக்கும் நடுவில ஒரு சின்ன இடம் இரிக்கி மிஸி. அவடத்த ஆக்கள் குந்தியிருக்காங்க. தட்டுறது அவங்கதான்."

இஞ்சின் தட்டத் தொடங்கினால் வேகத்தைக் குறைப்பார். குனிந்து காதைக் கொடுப்பார். "ஆரு புள்ள?" என்று மெல்லக் கேட்பார். கொஞ்சம் பொறுத்து, பதில் வந்ததைப்போலத் தலையாட்டுவார். பட்டப்பகலாக இருக்கும், வெயில் கொளுத்தும். ஆனாலும் ஆட்கள் இஞ்சினை விட்டு ஒதுங்கி நிற்பார்கள்.

ஒருநாள் ஒரு மீன் வியாபாரி நக்கலாகக் கேட்டார்: "என்னவாம் கட்டாடியார்?"

"'குஞ்சன் சாப்பிட்டானா' எண்டு ஒரு கிழவி கேக்கா."

வியாபாரி மீன் கூடையைக் கீழே வைத்துவிட்டார். அவரைக் குஞ்சன் என்று கூப்பிட்டது, செத்துப்போன அவருடைய அம்மா ஒருத்திதானாம். அன்றிலிருந்து அவர் ஊரெல்லாம் சுற்றிப் பாலத்தால்தான் போனார்.

பிறகு அந்த மாரிகாலம் வந்தது. பாலத்துக்குப் போகிற தெரு வெள்ளத்தில் முங்கிவிட்டது. அக்கரையில் என் பொறுப்பிலிருந்த ரஞ்சிக்குப் பிள்ளைவலி கண்டுவிட்டது. தலைப்பிள்ளை, புருஷன் கட்டார் நாட்டில் வேலையில். ஆஸ்பத்திரியோ இக்கரையில். ரஞ்சியையும் அவளுடைய தாயையும் ஏற்றிக்கொண்டு பாதை புறப்பட்டது. மத்தியானம்தான், ஆனால் கரை இரண்டும் மழைக்குள் காணாமல் போயிருந்தன.

நடுவாவியில் இஞ்சின் இருமியது, பிறகு நின்றது. டீசல் தாங்கிக்குள் தண்ணீர் போயிருந்தது. காற்று எங்களைப் பக்கவாட்டில் இழுக்கத் தொடங்கியது. ரஞ்சி என் கையைப் பிடித்திருந்த பிடியில் எலும்பு நொறுங்கும்போல் இருந்தது.

கட்டாடியார் இஞ்சின் பெட்டியைத் திறந்தார். கறுப்புத் துணியை அவிழ்த்தார். ஐரோப்பாப் போத்தலைக் கொஞ்ச நேரம் நெஞ்சோடு வைத்திருந்துவிட்டு மெழுகை உடைத்தார். டீசல் குழாயைப் போத்தலுக்குள் விட்டு, குழாயிலிருந்த காற்றை வெளியேற்றி, இஞ்சின் கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினார். முதல் சுற்றிலேயே இஞ்சின் எழும்பியது.

"கண்டீங்களா மிஸி! ஓம் எண்டு எழும்பிற்று!"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இங்கே ஒருத்தி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிடக்கிறாள், இவருக்குச் சீட்டேன் விளக்கம்!

கரை மங்கலாகத் தெரியும்போது ஐரோப்பா தீர்ந்துவிட்டது. அமெரிக்காவைத் திறந்தார். அது யோசித்தது. இரண்டாம் சுற்றுக்கும் யோசித்தது. மூன்றாவதில் எழும்பித் தட்டத் தொடங்கியது. அந்தத் தட்டலுக்கு நடுவில்தான் பிள்ளை என் கைக்கு வந்தது.

பெண்பிள்ளை. அழவில்லை.

வாயைத் துடைத்தேன். முதுகைத் தேய்த்தேன். உள்ளங்காலைச் சுண்டினேன். நீலம் பாரித்துக் கிடந்தது. ரஞ்சி, "ஏன் சத்தமில்ல? மிஸி, ஏன் சத்தமில்ல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் மறுபடியும் முதுகைத் தேய்த்தேன். மழைக்குள் இஞ்சின் மட்டும் தட்டிக்கொண்டிருந்தது.

கட்டாடியார் வேகத்தைக் குறைத்தார். குனிந்தார். இந்தமுறை யாரென்று கேட்கவில்லை. சுடுகிற இஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"மகள், அந்தப் புள்ளய விடுகா. அது தாயிட்டப் போகட்டும்."

தட்டல் நின்றது. இஞ்சின் சூடேறினால் தட்டுவது நிற்கும் என்று பிறகு ஒரு மெக்கானிக் எனக்கு விளங்கப்படுத்தினார். இருக்கலாம். ஆனால் அது நின்ற அதே நொடியில் என் கையில் கிடந்த பிள்ளை ஒருதரம் விக்கி, வாவி முழுக்கக் கேட்கும்படி வீரிட்டது.

கரை சேர்ந்ததும் தாயையும் பிள்ளையையும் அம்புலன்சில் ஏற்றி அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தேன். அவர் மழையில் உட்கார்ந்து வெறும் போத்தல்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். கை கொப்பளித்திருந்தது. மருந்து போட்டபடி, "மகளா அண்ணன்?" என்று கேட்டேன்.

"ஐரோப்பாவிலயிருந்து அமெரிக்காவுக்குக் கப்பல் போகக்குள்ள இஞ்ச ஊரில பிறந்தவ மிஸி. அழல்லயாம். அங்கால போய் இறங்கினாப் பொறகுதான் எனக்குச் சொன்னாங்க." ஒரு போத்தலைக் காட்டினார். "இது வாங்கக்குள்ள எனக்கு ஒரு புள்ள வரப்போகுது." மற்றதைக் காட்டினார். "இது வாங்கக்குள்ள இல்ல."

இத்தனை நாள் அந்த மனுஷனைப் பார்த்துச் சிரித்ததற்காக நான் வெட்கப்பட்டது அன்றைக்குத்தான்.

போன வருடம் கட்டாடியார் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். ரஞ்சியின் மகள் இப்போது ஊரே காதைப் பொத்தும்படி கத்துகிறாள். பாதையில் வேறொருவர் இஞ்சின் ஓட்டுகிறார், நல்ல மனுஷன், டீசலைப்பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். சில நாட்களில் நடுவாவியில் இஞ்சின் தட்டும். அப்போது நான் பையைச் சரிசெய்கிற மாதிரிக் குனிந்து, யாருக்கும் கேட்காமல், "ஆரு, அண்ணனா?" என்று கேட்டுப்பார்ப்பேன்.