விண்வெளி எலியின் கெண்டைக்கால் சதை

என் மேல் பாசமும் அதற்கு மேல் கோபமும் வைத்திருக்கும் அக்காவுக்கு, தம்பி வணங்கி எழுதுவது. இங்கே எல்லோரும் உடம்பால் சுகம். அத்தானின் மூட்டுவலி இப்போது குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நான் மட்டும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறேன். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் உனக்கு எழுதுகிறேன்.

என் சின்ன மகள், உன் செல்லம், விண்வெளி ஆராய்ச்சியில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேனே, அது என்ன படிப்பு என்று போன வாரம்தான் தெரிந்தது. ராக்கெட்டில் எலிகளை அனுப்புகிறார்களாம். அங்கே மிதந்து மிதந்து அதுங்க கால் சதை சூம்பிப்போகிறதாம். கடைசியில் அறுத்துப் பங்கு போட்டு, கண் ஒருவருக்கு, தோல் ஒருவருக்கு, மூளை இன்னொருவருக்கு என்று உலகம் பூராவும் பனிக்கட்டியில் வைத்து அனுப்புகிறார்கள். ஆயுசு முழுக்கக் கறிக்கடை நடத்தியவன் நான், ஒரு ஆட்டை இருபது பேருக்கு மேல் பங்கு போட்டதில்லை. இவர்கள் ஒரு சுண்டெலியை நாற்பது பேருக்குப் போடுகிறார்கள்! "அங்கயும் ஈரலுக்குத்தான் அடிதடியா?"ன்னு கேட்டேன். "ஆமாப்பா, முன்னாடியே சொல்லி வைக்கணும்"னா. உலகம் எங்கேயும் ஒண்ணுதான்னு கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

ஆனால் மேலே கேள். மூன்று வருஷம் காத்திருந்து இவளுக்குக் கிடைத்தது சில எலிகளின் கெண்டைக்கால் சதை. ஒவ்வொன்றும் அரிசி அளவு. அதை வைத்துத்தான் பட்டமே. அந்த நேரம் பார்த்து, வேறு தேசத்தில் ஒரு பெண், இவள் முகம்கூடப் பார்த்ததில்லை, தன் பங்கு வழியிலேயே உருகிப்போச்சுன்னு அழுதாளாம். உடனே இந்தப் புண்ணியவதி ஒவ்வொரு அரிசியையும் பாதியா வெட்டி அவளுக்குன்னு ஒதுக்கிட்டா! "அடிப்பாவி, உனக்குப் பத்துமாடி?"ன்னு கேட்டேன். "பத்தாதுதான்ப்பா. சோதனையை ஒரே தடவைதான் செஞ்சு பாக்க முடியும், தப்பாச்சுன்னா போச்சு. ஆனா அவகிட்ட ஒண்ணுமே இல்லையே"ங்கறா. தனக்கு மிஞ்சித்தானே அக்கா தானமும் தருமமும்! "அனுப்பிட்டியா?"ன்னு கத்தினேன். படாரென்று கதவைச் சாத்திக்கொண்டாள். சரி, இன்னும் போகலைன்னு புரிஞ்சுக்கிட்டேன்.

பெத்த மனசு கேக்குமா? இன்று காலை அவள் ஆய்வுக்கூட வாசலில் போய் நின்றேன். கூரியர்காரர் வெள்ளைப் பெட்டியோடு நிற்கிறார், மேலே சின்னவள் பெயர். "தம்பி, நான் அவ அப்பன், இப்படிக் குடு"ன்னேன். மனுஷன் "அப்பாடா"ன்னு கையெழுத்து வாங்கிக்கொண்டு, பெட்டியை என் தலையில் கட்டிவிட்டு ஓட்டமாக ஓடிவிட்டார். தங்கமான ஆள்! பஸ்ஸில் பெட்டியிலிருந்து புகை கசிய, நடத்துநர் பாதி வழியில் இறக்கிவிட்டார். வீட்டுக்கு நடந்து வந்து திறந்தால் உள்ளே புகையும் ஐஸ்கட்டி. தீப்பிடித்துத் தொலைக்குமோ என்று பாதியை அள்ளிக் குளியலறையில் கொட்டினேன். விரலெல்லாம் கொப்புளம். இப்போது பெட்டி கட்டிலுக்கு அடியில், நான் கட்டிலுக்கு மேல். அவள் பட்டம் பத்திரம். நீ போன் போட்டு நாலு வார்த்தை நறுக்கென்று சொல்லு. அத்தை பேச்சை அவள் தட்ட மாட்டாள்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகள் கைகாலில் சதை வற்றாமல் நன்றாக இருக்கட்டும்.

உன் தம்பி

பின்குறிப்பு: அக்கா, போன் போடாதே! சின்னவள் அலறிக்கொண்டு வந்தாள். அவள் கொடுத்தது போன மாசமே போய்ச் சேர்ந்துடுச்சாம். இது போற பெட்டி இல்ல, வந்த பெட்டி! இவள் வெட்டிக் கொடுத்தது தெரிந்து, அந்தப் பெண்ணோடு வேலை பார்க்கும் மூன்று பேர் தங்கள் பங்கில் ஆளுக்குக் கொஞ்சம் கிள்ளி இவளுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதைத்தான் நான் கட்டிலடியில் போட்டு வெச்சிருந்தேன். மிச்சமிருந்த ஐஸ்தான் காப்பாத்துச்சு. திட்டுவாள்னு பார்த்தேன், திட்டவே இல்லை. பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்கு வண்டி ஏறும்போது, "அந்த மூணு பேருக்கும் இப்ப பத்தாதேப்பா"ன்னு அழறா.