பத்தொன்பதாயிரத்து இருநூறு தடவை கடலில் இறங்கியவள்

ஒரகடத்தில் எங்கள் தொழிற்சாலை தயாரிக்கும் பொருளின் பெயர் டைவ் கம்ப்யூட்டர். கடலுக்கடியில் போகிறவர்கள் மணிக்கட்டில் கட்டிக்கொள்வது. எவ்வளவு ஆழத்தில் இருக்கிறோம், எவ்வளவு மெதுவாக மேலே வர வேண்டும் என்று அது கணக்குப் போட்டுச் சொல்லும். பேச்சுக் கேட்காமல் சர்ரென்று மேலே வந்துவிட்டால் கோபித்துக்கொண்டு நாற்பத்தெட்டு மணி நேரம் பூட்டிக்கொள்ளும். அதுவரை ஆழத்தையும் நேரத்தையும் மட்டும் காட்டும், கணக்குப் போடாது. மனித உயிர் மீது இவ்வளவு அக்கறை கொண்ட பொருள் வேறில்லை என்று எங்கள் வரவேற்பறையில் எழுதி மாட்டியிருக்கிறது.

அது ஒழுங்காகப் பூட்டிக்கொள்கிறதா என்று சோதிப்பது முத்துச்செல்வியின் வேலை. உடன்குடிப் பக்கத்துப் பெண், மண்ணூரில் நாலு பேரோடு ரூம் எடுத்திருக்கிறாள். பெரிய குக்கர் மாதிரி ஒரு பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும். அதற்குள் கம்ப்யூட்டரை வைத்து மூடி அழுத்தத்தை ஏற்றுவாள். உள்ளே நாற்பது மீட்டர் ஆழம். கைப்பிடியைத் திருப்பினால் ஒரே நொடியில் கரை. பூட்டிக்கொண்டால் பாஸ். நாளைக்குத் தொண்ணூற்றாறு. ஒவ்வொன்றுக்கும் தன் ஐடி எண்ணைத் தட்டுவாள். எட்டு மாதமாகப் பக்கத்து மேசையில் பேக்கிங் பார்க்கிற எனக்கு இதெல்லாம் பழக்கம்.

வெள்ளிக்கிழமை அவளுக்குப் பர்மனென்ட் ஆர்டர் வர வேண்டும். அதுவரை ஒரு நாள்கூட ஆப்சென்ட் ஆகக்கூடாது.

திங்கட்கிழமை காலை தலைமை அலுவலகம் ஆலையின் எல்லாப் பதிவேடுகளையும் ஒரே மென்பொருளில் இணைத்துப் பெருமை தேடிக்கொண்டது. கேட்டில் முத்துச்செல்வி கார்டைக் காட்டினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. வாட்ச்மேன் பரசுராமன் திரையைப் பார்த்தார்.

"இன்னாம்மா பண்ண நீ? நூத்தஞ்சு வருசம் கழிச்சு வரச் சொல்லுது."

சோதனைப் பதிவில் அவள் ஐடியைக் கண்ட மென்பொருளின் கணக்கு சரிதான். இந்த ஊழியர் எட்டு மாதத்தில் பத்தொன்பதாயிரத்து இருநூறு தடவை நாற்பது மீட்டர் ஆழத்துக்குப் போய், ஒவ்வொரு தடவையும் ஒரே நொடியில் மேலே வந்திருக்கிறார். தடவைக்கு நாற்பத்தெட்டு மணி நேரம்.

பாதுகாப்பு அதிகாரி ஸ்ரீதர் விசாரணை நடத்தினார். எத்தனை முறை கடலில் இறங்கினீர்கள் என்று கேட்டார். ஒரு தடவைகூட இல்லை, திருச்செந்தூரில் கால் நனைத்ததோடு சரி என்றாள்.

"எவ்வளவு ஆழம்?"

"கணுக்கால் வரைக்கும் சார்."

"இது பதிவிலேயே இல்லையே" என்று ஸ்ரீதர் குறித்துக்கொண்டார். "இதுக்குத் தனியா விளக்கம் எழுதிக் குடுங்க."

ஆனால் அவர் கெட்டவர் இல்லை. கையேட்டைப் புரட்டி ஒரு வழி கண்டுபிடித்தார். பூட்டப்பட்ட கம்ப்யூட்டர் ஆழத்தையும் நேரத்தையும் காட்டலாம் அல்லவா? அதேபோல் பூட்டப்பட்ட ஊழியரும் உள்ளே உட்கார்ந்து மணி சொல்லலாம், வேலை மட்டும் செய்யக்கூடாது. ஆகவே விருந்தினர் அட்டை மாட்டி உள்ளே அனுப்பினார். விருந்தினர் ஆப்சென்ட் ஆக முடியாது என்பதால் வருகைப் பதிவும் தப்பியது. லைன் நின்றது. நாங்கள் மணி கேட்டோம், அவள் சொன்னாள். பதினொரு மணிக்கு விருந்தினருக்குரிய டீயும் பிஸ்கட்டும் வந்தன.

இதைச் சரிசெய்ய வேண்டியவர் நம்பிராஜன். அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் புரோகிராமை எழுதியவர், திருநெல்வேலிக்காரர், ஓய்வு பெற ஒரு வருடம் இருக்கிறது. அவர் படித்த பாலிடெக்னிக்கில் இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்த ஏசி அறைக்குள் நுழைய வேண்டுமாம். புரோகிராமைப் பாட்டுக் கேட்கிற கேசட்டில் பதிந்து வைப்பார்களாம். தெரியாமல் யாராவது டேப் ரெக்கார்டரில் போட்டால் பூனைச் சண்டை மாதிரிக் கேட்குமாம்.

"அந்த மிஷினு தப்பு நாப்பதாவது வரியில இருக்குன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிரும்மா" என்று முத்துச்செல்வியிடம் வருத்தப்பட்டார். "இது நிர்வாகியை அணுகவும்ங்குது. நான்தான் நிர்வாகி."

அன்றைக்கென்றால் ஒரு வரியைத் திருத்திவிட்டு டீ குடிக்கப் போயிருப்பாராம். இன்றைக்கு ஏழு பேர் ஒப்புதல் தர வேண்டும். ஆறு பேர் தந்துவிட்டார்கள். ஏழாவது, பாதிக்கப்பட்ட ஊழியர், தன் ஐடியில் நுழைந்து தர வேண்டும். ஐடி பூட்டியிருந்தது.

புதன்கிழமை மதியம் நம்பிராஜனுக்கு ஒன்று உறைத்தது. கேட் மென்பொருளை எழுதியவர்கள் அவருடைய பூட்டைத்தான் வரி மாறாமல் நகல் எடுத்திருக்கிறார்கள். அப்படியானால் பூட்டை நிறுத்தி வைக்க அவர் வைத்த செட்டிங்கும் உள்ளே இருக்க வேண்டும். தேடினார். இருந்தது. 'பூட்டு: வேண்டும், வேண்டாம்.' வேண்டாம் என்று மாற்றினார். கேட்டில் பச்சை எரிந்தது. முத்துச்செல்வி அவர் கையைப் பிடித்து, "அண்ணாச்சி, நல்லா இருப்பீய" என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

பூட்டு திறந்ததே தவிர பதிவு அழியவில்லை. பதிவை அழிப்பது முறைகேடு என்றார் ஸ்ரீதர்.

வெள்ளிக்கிழமை ஆர்டர் வந்தது. பத்தொன்பதாயிரத்து இருநூறு தடவை இறங்கியும் ஒரு கீறல்கூட இல்லாத ஊழியரைத் தலைமை அலுவலகம் கவனிக்காமல் இருக்குமா? முத்துச்செல்வி பர்மனென்ட். பதவி: முதுநிலை முக்குளிப்புப் பயிற்சியாளர். ஒரு மாதத்துக்குள் எல்லோருக்கும் பயிற்சி தர வேண்டும். முடித்தவர்களுக்கு ஆண்டு மதிப்பீட்டில் ஐந்து மதிப்பெண் கூடுதல்.

தீயணைப்புத் தொட்டி ஒன்றுதான் எங்களிடம் இருந்த நீர்நிலை. நாலடி ஆழம், பாசி. அதன் பக்கத்தில் நின்று கையெழுத்துப் போட்டால் போதும் என்று ஸ்ரீதர் முடிவெடுத்தார். முன்னூற்றுப் பன்னிரண்டு பேரும் ஒரே நாளில் தேர்ச்சி பெற்றோம். நம்பிராஜனுக்கு முப்பது மீட்டர் ஆழத்துக்கான சான்றிதழ். பரசுராமனுக்கு இரவு முக்குளிப்புச் சான்றிதழும் சேர்த்து.

அடுத்த வாரம் இன்னொரு கடிதம் வந்தது. அந்தமானில் வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் முன்னால் முத்துச்செல்வி நிஜக் கடலில் இறங்கிக் காட்ட வேண்டும்.

அவளுக்கு நீச்சல் தெரியாது. தான் கடலில் இறங்கியதே இல்லை என்று எழுதி எடுத்துக்கொண்டு ஸ்ரீதரிடம் போனாள். உடன் வேலை பார்க்கும் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் பயணத்தை உடனே ரத்து செய்கிறேன் என்றார். நான் சொன்னேனே, அவர் கெட்டவர் இல்லை.

முதலில் நம்பிராஜனிடம் போயிருக்கிறாள். ஓய்வு பெறுகிற நேரம், பார்த்துச் சொல்கிறேன் என்றாராம். பிறகு ஒவ்வொரு லைனாகப் போனாள். கடைசியில் என் மேசைக்கு வந்தாள். காகிதத்தில் ஒரு கையெழுத்தும் இல்லை. அவள் கடலில் இறங்கியதே இல்லை என்றால் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று கேட்பார்களே. சட்டமிட்ட சான்றிதழ் என் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் அதை அண்ணாந்து பார்த்தாள்.

"அண்ணே, நீங்க எத்தன மீட்டரு?"

"பதினெட்டு" என்றேன்.

காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டு போய்விட்டாள். நாங்கள் எல்லோரும் சேர்ந்து அவளுக்கு நல்லதாக ஒரு நீச்சல் கண்ணாடி வாங்கிக் கொடுத்தோம்.