ஆஸ்திரேலியாவில் இருக்கும் தாய்மாமன் எழுதுவது

அனுப்புநர்:
ந. கன்னையா,
ஆஸ்திரேலியா.
(தபால் முத்திரையில் போர்ட் கிள்ளான் என்று இருந்தால் அது தபால்காரர் செய்த தப்பு.)

வியாழக்கிழமை, 9.9.1993

பிரிக்பீல்ட்ஸில் நூறு இஞ்ச் புகழோடு வாழும் அருமை மச்சான் பழனியப்பன் அவர்களுக்கு, உங்கள் சம்சாரம் மாரியாயியின் கூடப்பிறந்த அண்ணன் கன்னையா எழுதிக்கொள்வது. நான் நலம். என் சம்சாரம் வீரம்மா நலம். உங்கள் நலமும், தங்கச்சி நலமும், கல்யாணம் பேசியிருக்கும் உங்கள் பிள்ளை தயாளன் நலமும், உங்கள் ஹாலில் பூப்போட்ட துணி போர்த்தி உட்கார்ந்திருக்கும் அந்த மூன்று கண் பெட்டியின் நலமும் அறிய ஆவல். இங்கே ஆஸ்திரேலியாவில் வெயில் நன்றாக அடிக்கிறது. கப்பல் வருகிறது, போகிறது. லோரிகள் மட்டும் நம் ஊர் லோரி மாதிரியே இருக்கின்றன. ஓட்டுகிறவனும் பார்க்க என்னை மாதிரியே இருக்கிறான்.

நிற்க. செவ்வாய்க்கிழமை கீழ்க் கடைக்குப் போன் போட்டு என்னைக் கூப்பிட்டீர்கள். "புரோஜெக்டர் படம் மறுபடியும் மூணா பிரிஞ்சிருச்சு மச்சான். ஞாயித்துக்கெழம பொண்ணு வீட்டுக்காரங்க திரும்ப வர்றாங்க. நீ வர வேணாம், ஒனக்கு எதுக்கு அலைச்சல், எப்படிச் சரி பண்றதுன்னு ஒரு பேப்பர்ல எழுதி அனுப்பிரு லா, தயாளன் பாத்துக்குவான்" என்றீர்கள். இருபத்தைந்து வருஷத்தில் என் அலைச்சலைப் பற்றி நீங்கள் கவலைப்பட்டது இதுதான் முதல் தடவை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரைக்கும் படித்தவன் நான். ஆனால் அந்தக் காலத்தில் டெங்கில் பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் லோரியில் மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்ப் படம் ஓட்டியவன். அதனால் எழுதுகிறேன். தயாளனை உரக்கப் படிக்கச் சொல்லி நீங்கள் செய்யுங்கள். அல்லது நீங்கள் படியுங்கள், அவன் செய்யட்டும். இரண்டு பேரும் சேர்ந்து செய்யாதீர்கள்.

முதலில் ஜன்னல் துணிகளை இழுத்து மூடுங்கள், நடுவில் கோடு மாதிரி வெளிச்சம் வந்தால் கிளிப்பு போடுங்கள். பிறகு பெட்டியைப் போட்டுவிட்டு அரை மணி நேரம் அதன் பக்கம் போகாதீர்கள். சூடேறுவதற்கு முன் கை வைத்தால், சரி பண்ணின படம் சூடேறினதும் நகர்ந்துவிடும். மனுஷனும் அப்படித்தான் மச்சான். விருந்தாளி வருவதற்கு முன் ஓர் இடத்தில் நிற்கிறான், வந்த பிறகு வேறு இடத்தில் நிற்கிறான். பெட்டியையாவது அரை மணி நேரத்தில் புரிந்துகொள்ளலாம்.

சூடேறின பிறகு பின்னால் உள்ள மூடியைத் திறங்கள். மேலே இருந்து மூன்றாவது பித்தானை அழுத்தினால் திரையில் கட்டம் கட்டமாகக் கோடு வரும். வலைக்கம்பி மாதிரி இருக்கும். பெட்டிக்கு மூன்று கண், ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை, ஒன்று நீலம். சிவப்பு, நீலம் இரண்டையும் அட்டையால் மறைத்துவிட்டுப் பச்சையை மட்டும் வைத்துக் கோடு மயிர் மாதிரி மெல்லிசாகும் வரை லென்ஸைத் திருப்புங்கள். பச்சைதான் வீட்டுக்குப் பெரியவன், அவனை நடுவில் நிறுத்திவிட்டால் பிறகு அவனைத் தொடவே கூடாது. அதற்குப் பிறகு சிவப்பைத் திறந்து, வலது வரிசைக் குமிழ்களால் சிவப்புக் கோட்டைப் பச்சைக் கோட்டின் மேல் கொண்டுபோய் உட்கார வையுங்கள். இரண்டும் சேர்ந்தால் மஞ்சள் ஆகும். பிறகு நீலம், அது இடது வரிசை. மூன்றும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்தால் கோடு வெள்ளையாகிவிடும். போன மாதம் நான் வருவதற்கு முன் நீங்கள் பார்த்த படம் நினைவிருக்கிறதா? உங்கள் மகள் புஷ்பவல்லியின் கல்யாண டேப்பில் மாப்பிள்ளைக்கு மூன்று மூக்கு, உங்களுக்கு மூன்று வழுக்கை. மாப்பிள்ளை போட்டது மூன்று முடிச்சு, உங்கள் சுவரில் ஒன்பது விழுந்தது. அவ்வளவு உறுதியான கல்யாணம் நம் குடும்பத்தில் வேறு யாருக்கும் நடக்கவில்லை.

அடுத்து வெளிச்சம். புஷ்பவல்லி மணவறையில் குனிந்திருக்கும் இடத்தில் படத்தை நிறுத்துங்கள். அவள் கூந்தல் கறுப்பாக இருக்க வேண்டும், ஆனால் கறுப்புக்குள் முடி முடியாகத் தெரிய வேண்டும். தார் பூசினது மாதிரி இருந்தால் வெளிச்சத்தைக் கூட்டுங்கள், புகை பிடித்தது மாதிரி இருந்தால் குறையுங்கள். அடுத்து கான்ட்ராஸ்ட். அதற்குப் படத்தில் வரும் உங்கள் பட்டு வேட்டியைப் பாருங்கள். வேட்டி வெள்ளையாக இருக்க வேண்டும், ஆனால் மடிப்பு தெரிய வேண்டும். நீங்கள் கான்ட்ராஸ்டை முழுக்கத் திருகி வைத்திருந்தபோது இடுப்புக்குக் கீழே டியூப் லைட் கட்டிக்கொண்டு நடந்தீர்கள். கலர் குமிழை எல்லோரும் "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்பார்கள், கேட்காதீர்கள். முகம் முகத்தின் நிறத்தில் வரும்போது கையை எடுத்துவிடுங்கள். கறுப்பாக இருக்கிறவன் கறுப்பாக வந்தால் அது மெஷின் கோளாறு இல்லை.

இப்போது படத்தின் அளவு. இங்கேதான் நான் உங்களுக்கு இரண்டு வார்த்தை அதிகமாக எழுத வேண்டியிருக்கிறது.

போன மாதம், "ஞாயித்துக்கெழம காலையில பத்து மணிக்கே வந்துரு மச்சான், தயாளனுக்குப் பொண்ணு வீட்டுக்காரங்க வர்றாங்க" என்று நீங்கள் சொன்னபோது, நான் என்ன நினைத்தேன் தெரியுமா? தாய்மாமன் இல்லாமல் பேச்சு நடக்காது, அதனால் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். வீரம்மா என் பட்டுச் சட்டையை இரண்டு தடவை இஸ்திரி போட்டாள். நான் உள்ளே வந்தேன். நீங்கள் சட்டையைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தீர்கள். "ஸ்க்ரூ டிரைவர் கொண்டாரலையா?" என்றீர்கள். பத்து மணியிலிருந்து மூன்று மணி வரைக்கும் முட்டி போட்டு, பட்டுச் சட்டையின் முதுகு நனைந்து ஒட்டிக்கொள்ள, மூன்று கண்ணையும் ஒன்றாக்கினேன். கோடு வெள்ளையானபோது எனக்கே கை தட்டத் தோன்றியது.

ஆனால் படம் திரைக்கு அடங்கவில்லை. இடது பக்கம் முக்கால் அடி வழிந்து உங்கள் கண்ணாடி ஷோகேஸ் மேல் விழுந்தது. அந்த முக்கால் அடியில் நின்றது நான். புஷ்பவல்லிக்குத் தாய்மாமன் மாலை போடும் இடம். என் ஒரு கண் டீ செட் மேல், மறு கண் பிளாஸ்டிக் மயில் மேல், வாய் நடுத்தட்டில் கார் பொம்மைகளுக்கு இடையில் பேசிக்கொண்டிருந்தது. "அளவைத் தொண்ணூறு இஞ்ச்சாக் கொறச்சா எல்லாரும் உள்ள வந்துருவோம் மச்சான்" என்றேன். "நூறு இஞ்ச்சுன்னு அவங்ககிட்ட சொல்லிட்டேன் லா, கொறைக்காத. அந்த ஓரத்தக் கட் பண்ணிரு" என்றீர்கள். ஓரம் வெட்டுவதற்கென்றே ஒரு குமிழ் இருக்கிறது. திருகினேன். முதலில் காது போனது. பிறகு கண். பிறகு முழு ஆளும். என் கையாலேயே என்னை வெட்டினேன், ஒரு பிசிறு இல்லாமல். தோட்டத்தில் படம் ஓட்டிய நாளில்கூட இவ்வளவு நேர்த்தியாக வெட்டியதில்லை. மாலையும் அதைப் பிடித்த இரண்டு கையும் மட்டும் திரையில் மிச்சம் இருந்தன.

மூன்று மணிக்குப் பெண் வீட்டார் வந்தார்கள். பெட்டாலிங் ஜெயாவில் இருந்து காரில், பெண்ணின் அம்மா நன்றாகச் சிரிக்கிற மாதிரி ஆள். எனக்கு முட்டி பிடித்துக்கொண்டதால் பெட்டிக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருந்தேன். இருபத்தைந்து வருஷமாக "மச்சான்" என்று கூப்பிட்ட உங்கள் வாய் அப்போது, "பாஸ், ஸ்டார்ட் பண்ணுங்க" என்றது. விளையாட்டு என்று நினைத்து, "ஓகே பாஸ்" என்றேன். நான்தான் எதையும் விளையாட்டு என்று நினைக்கிறவன் ஆயிற்றே.

மாலை போடும் இடம் வந்ததும் அந்த அம்மா கேட்டார்.

"இது யாருங்க, கை மட்டும் தெரியுது?"

"அது… தாய்மாமன்ங்க" என்றீர்கள்.

"அவரு வரலையா இன்னிக்கு?"

"அவரு இங்க இல்லைங்க. ஆஸ்திரேலியாவுல இருக்காரு."

"அப்படியா! அங்க எந்த ஊரு?"

கண்ணாடி ஷோகேஸ் பக்கம் திரும்பிப் பார்த்தீர்கள் மச்சான். பிறகு, "போர்ட்டுப் பக்கம்ங்க. கப்பல் சரக்கு சம்பந்தப்பட்ட வேலை" என்றீர்கள். போர்ட் கிள்ளானில் கப்பல் சரக்கு லோரி ஓட்டுகிறவன்தானே நான், பொய்யிலும் உண்மையை விடாத மனுஷன் நீங்கள். எனக்கு இருட்டில் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது ஏன் என்றால், அந்த அம்மா பின்னால் திரும்பி என்னைப் பார்த்து, "அண்ணே, படத்தக் கொஞ்சம் அந்தப் பக்கம் நகத்த முடியுமா? தாய்மாமன் மொகத்தப் பாக்கலாம்" என்றார்.

ஒரு குமிழ், அரைத் திருகு. என் கை அதன் மேலேயே இருந்தது. நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் திரையைப் பார்த்தீர்கள். "அது முடியாதுல்ல, பாஸ்?" என்றீர்கள்.

"முடியாது மேடம். டேப்லயே அவ்வளவுதான் இருக்கு" என்றேன்.

அதை நான்தான் சொன்னேன். ஆஸ்திரேலியா உங்கள் பொய், டேப்பில் நான் இல்லை என்பது என் பொய். உங்களுடையதை மன்னித்துவிட்டேன், என்னுடையதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு மாரியாயி டீ கொண்டுவந்தாள். "அண்ணே, டீ எடுத்துக்குங்க" என்றாள். உடனே அந்த அம்மாவும், "அண்ணே, சவுண்டு கொஞ்சம் கொறைங்க" என்றார். இந்த ஊரில் லோரி ஓட்டுகிறவனும் அண்ணே, பாசாரில் மீன் வெட்டுகிறவனும் அண்ணே, ஃபேன் மாட்ட வந்தவனும் அண்ணே. என் தங்கச்சி கூப்பிட்டது அவளுடைய அண்ணனையா, மெஷின்காரனையா என்று எனக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஜன்னல் துணியையெல்லாம் நானே கிளிப்பு போட்டு மூடியிருந்தேன், ஒன்றும் தெரியவில்லை.

ஆகையால் மச்சான், படம் எப்படிச் சரி பண்ணுவது என்று மேலே எழுதிவிட்டேன். நான் இனிமேல் உங்கள் வீட்டுப் படி ஏறுவதாக இல்லை. கூப்பிட்டாலும் இல்லை, கார் அனுப்பினாலும் இல்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து கார் வர வழியும் இல்லை. தயாளன் கல்யாணத்துக்கும் தாய்மாமன் மாலை ஒன்று வேண்டும். அதற்கு ஏற்கெனவே டேப்பில் இருக்கும் இரண்டு கையை வைத்துச் சமாளித்துக்கொள்ளவும். பட்டுச் சட்டையை வீரம்மா பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

பெண் வீட்டார் மனம் குளிர்ந்து நல்லபடியாகப் பேச்சு முடியட்டும். பிள்ளை தயாளன் பெற்றோர் பெயரை நூறு இஞ்ச்சுக்குக் குறையாமல் காப்பாற்றட்டும். வீட்டில் எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் சரியாக உட்கார்ந்து, நிறம் பிரியாமல், வெள்ளைக் கோடாக வாழ வாழ்த்துகிறேன். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
கப்பல் சரக்கு சம்பந்தப்பட்ட வேலையில் இருக்கும்
கன்னையா

பின்குறிப்பு (வெள்ளிக்கிழமை): கடிதத்தை மூடி எச்சில் வைக்கப் போனபோது கீழ்க் கடையிலிருந்து கூப்பிட்டார்கள், போன் என்று. மாரியாயி. எடுத்தவுடன், "சின்னண்ணே" என்றாள். அப்படி என்னைக் கூப்பிட உலகத்தில் அவள் ஒருத்திதான் இருக்கிறாள், எந்த மெஷின்காரனையும் யாரும் சின்னண்ணே என்று கூப்பிடுவதில்லை. "தயாளன் நோண்டி இன்னும் கெடுத்துட்டான் சின்னண்ணே. செவப்பு தனியா நிக்குது. சனிக்கெழம வந்து பாத்துட்டுப் போயிருங்க" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஞாயித்துக்கெழம அவங்க வர்றதுக்கு முன்னாடி" என்றாள். பிறகு இன்னும் தாழ்த்தி, "மாலை போடுற எடத்த மறுபடியும் போடச் சொன்னாங்களாம்" என்றாள். சொல்லிவிட்டுப் போனை வைக்காமல் நின்றாள். "வர்றேன்" என்றேன்.

ஆகவே படி ஏற மாட்டேன் என்று மேலே எழுதியதை அடித்துவிடவும். வரிசைகளையும் கோபத்தில் மாற்றி எழுதியிருக்கிறேன், இடதுதான் சிவப்பு, வலதுதான் நீலம். நான் சொன்னபடி செய்திருந்தால் உங்கள் வழுக்கை ஆறாகியிருக்கும். இந்தக் கடிதத்தைச் சனிக்கிழமை உங்கள் வீட்டுக்கு வரும் வழியில் பிரிக்பீல்ட்ஸிலேயே தபாலில் போடுகிறேன், உங்களுக்குத் திங்கட்கிழமைதான் கிடைக்கும். அதற்குள் படம் தொண்ணூறு இஞ்ச் ஆகியிருக்கும். ஓரம் வெட்டும் குமிழைத் திறந்து வைத்திருப்பேன். ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே இருந்திருக்க மாட்டேன், ஆனால் இரண்டு கையோடும் முகத்தோடும் உங்கள் சுவரில் நின்றிருப்பேன், மயில் இல்லாமல், டீ செட் இல்லாமல். அந்த அம்மா, "இது அன்னிக்கு மெஷினுக்குப் பின்னாடி ஒக்காந்திருந்த அண்ணே இல்ல?" என்று கேட்டிருப்பார். நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று எனக்கு எழுதவும்.

பதிலைப் போர்ட் கிள்ளான் விலாசத்துக்கே போடவும்.