ஐந்து சக்கரமும் நான்கு எலுமிச்சம்பழமும்

வேலை கிடைப்பதற்கு முன்பே, அந்த வேலையைப் பார்ப்பதற்கு நாற்காலி வாங்கியவள் நான். (சிரிக்காதீர்கள். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது.)

பெங்களூர் கம்பெனி. ஆனால் ஸ்ரீரங்கத்தில் வீட்டிலிருந்தபடியே பார்க்கலாம் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். ஊரை விட்டுப் போக எனக்குத் துளியும் மனசில்லை. எனவே எனக்கு வேண்டியிருந்தது வேலைகூட இல்லை, அந்த 'வீட்டிலிருந்தபடியே'தான். இன்டர்வியூவில் இரண்டு ரவுண்டு தாண்டிவிட்டேன். கடைசி ரவுண்டு சனிக்கிழமை காலை பத்தே முக்காலுக்கு, வீடியோவில்.

வெள்ளிக்கிழமை நாற்காலி வந்து இறங்கியது. நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாலும் முதுகு வலிக்காதாம். இடுப்புக்கு ஒரு வளைவு, கழுத்துக்கு ஒரு தாங்கல், ஏற்றி இறக்கும் கைப்பிடிகள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா டவுன் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்பேனரும் கையுமாக உட்கார்ந்து அரை மணியில் மாட்டி முடித்தார். நான் ஆசையாக உட்காரப் போனேன். அம்மா குறுக்கே வந்தாள்.

"பூஜை போடாம உக்காராத. சக்கரம் இருக்குல்ல, அப்ப அது வண்டிதான்."

"காலையில போட்டுடலாம்," என்றார் அப்பா.

காலையில் பஞ்சாங்கத்தைப் பார்த்தால் பத்தரை வரை ராகு காலம். ஆக, பூஜைக்குக் கிடைத்தது கால் மணி நேரம். நான் புதுச் சுடிதார் போட்டு, மேஜை மேல் லேப்டாப்பில் மீட்டிங்கை முன்கூட்டியே திறந்து வைத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சந்தனம் குங்குமம் வைத்த நாற்காலியில் மகாராணி மாதிரி உட்கார்ந்தேன். அப்பா காந்தி மார்க்கெட்டில் பொறுக்கி எடுத்து வந்த எலுமிச்சம்பழங்களைச் சக்கரங்களுக்கு முன்னால் வைத்தார். நான்குதான் இருந்தன.

"ஏங்க, இதுல அஞ்சு சக்கரம் இருக்கு," என்றாள் அம்மா.

"வண்டின்னா நாலுதான். அஞ்சாவது ஸ்டெப்னி."

"ஸ்டெப்னி தரையிலயா நிக்கும்?"

மணி பத்து நாற்பத்து மூன்று. "அப்பா, சீக்கிரம் தள்ளுங்கப்பா," என்று நான்தான் சொன்னேன். (இதை அப்பா இன்றுவரை மறக்கவில்லை.)

அப்பா தள்ளினார். இத்தனூண்டு சக்கரங்கள், பழத்தின் மேல் ஏறவில்லை. "லோடு ஜாஸ்தி," என்றார். (என்னைத்தான்.) நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்து, ஒரே மூச்சாக ஒரு தள்ளு தள்ளினார். இரண்டு பழம் நசுங்கியது, இரண்டு பழம் உருண்டது. எலுமிச்சைச் சாறு வழிந்த டைல்ஸில் நாற்காலி அரை வட்டம் அடித்துக்கொண்டு பறந்து, சமையலறை வாசற்படியில் மோதி நின்றது. நான் நிற்கவில்லை.

ஹெட்போன் ஒயர் பிடுங்கிக்கொண்டதால், "குட் மார்னிங்" என்று இன்டர்வியூ எடுப்பவரின் குரல் ஹால் முழுக்கக் கேட்டது. கேமராவில் அவருக்குத் தெரிந்தது வெறும் சுவரும், கற்பூரத் தட்டோடு நின்ற அம்மாவும்தான்.

"இருங்க சார், இந்தா வந்துடுவா," என்ற அம்மா, பதற்றத்தில் அவருக்கும் ஒரு சுற்று ஆரத்தி காட்டினாள்.

எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. எழுந்திருக்க முடியவில்லை. அப்பா லேப்டாப்பைத் தூக்கி வந்து, தரையில் கிடந்த என் முகத்துக்கு நேராகப் பிடித்தார். அந்த மனிதர் நல்லவர், சிரிக்காமல் கேள்வி கேட்டார். மின்விசிறியைப் பார்த்தபடி அத்தனைக்கும் பளிச்சென்று பதில் சொன்னேன். உள்ளுக்குள் துள்ளிக்கொண்டிருந்தேன், வேலை எனக்குத்தான். கடைசிக் கேள்வியை அவர் தமிழிலேயே கேட்டார்.

"வீட்ல தொந்தரவு எதுவும் இல்லாம வேலை பாக்க முடியுமாம்மா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "ஒரு தொந்தரவும் வராது சார். நாங்க ரெண்டு பேரும் எப்பவும் கூடவே இருப்போம்."

திங்கட்கிழமை மெயில் வந்தது. வேலை கிடைத்துவிட்டது. இடுப்பு அனுமதித்த அளவுக்குக் குதித்தேன். இரண்டாவது பத்தியை அப்புறம்தான் படித்தேன். தினமும் ஆபீஸுக்கு நேரில் வந்து வேலை பார்க்க வேண்டுமாம்.

ஏழு வருடமாகப் பெங்களூரில்தான் இருக்கிறேன். அந்த நாற்காலியில் அப்பா பேப்பர் படிக்கிறார், முதுகு வலியே இல்லையாம். கல்யாண வீடுகளில் யாராவது, "பொண்ணு எப்படிங்க பெங்களூருக்குப் போச்சு?" என்று கேட்டால், அப்பா கம்பெனி பேரைச் சொல்ல ஆரம்பிப்பார். அம்மா விடமாட்டாள்.

"கம்பெனியாவது ஒண்ணாவது. இவரு ஒரு தள்ளு தள்ளுனாரு, பெங்களூர்ல போய் விழுந்தா."