ஸ்லீப்பர் கட்டை அளக்கப் போன வகையில்

பெருமதிப்பிற்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. நான் நலம். சம்பிரதாயத்துக்கு எழுதவில்லை, உண்மையாகவே நலம். இரண்டு நாளாக இதை நம்ப ஆளில்லை என்பதால் முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். போனில் சொல்லலாம் என்றால், "மச்சான், எனக்கு ஒண்ணுமில்ல" என்று நான் ஆரம்பித்ததுமே அந்தப் பக்கம் நீங்கள் அழ ஆரம்பித்துவிடுகிறீர்கள். சனிக்கிழமை கார் எடுத்துவந்து என்னை உங்கள் வீட்டுக்கு அழைத்துப்போய் ஒரு மாதம் கண்பார்வையில் வைத்துக்கொள்ளப் போவதாகக் கேள்வி. ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாடல் ரயில் சங்கத்தின் கண்காட்சி. ஆகவே நடந்தது இன்னதென்று விளக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

மருந்துக் கடையிலிருந்து ஓய்வு பெற்றபின் மாடி அறையில் மேஜைமேல் நான் ரயில்பாதை போட்டுவருவது தங்களுக்குத் தெரியும். போன வருஷக் கண்காட்சியில் எங்கள் சங்கத் தலைவர், சட்டைப் பையில் எப்போதும் எஃகு அளவுகோல் செருகியிருப்பதால் நாங்கள் 'ஸ்கேல்' என்று அழைக்கும் மனிதர், என் பாதைமேல் குனிந்து பார்த்துவிட்டு, "இது தண்டவாளமா, சீப்பா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டார். அவர்மேல் குற்றமில்லை. தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கிறதே ஸ்லீப்பர் கட்டை, கடையில் விற்கும் பாதையில் அது ஒல்லியாகவும் நெருக்கமாகவும் இருக்கும். இன்னும் சின்ன மாடல் வண்டிகளுக்காகச் செய்ததை நம் தலையில் கட்டிவிடுகிறார்கள். நம் வண்டிக்குக் கட்டை அகலமாக வேண்டும், விலகியும் வேண்டும். எவ்வளவு அகலம், எவ்வளவு விலகல் என்று பார்த்தால் புத்தகத்துக்குப் புத்தகம் ஒன்று சொல்கிறது. சரி, நிஜத்தையே அளந்துவிடலாம் என்று தங்கள் தங்கையின் தையல் பெட்டியிலிருந்து டேப்பை எடுத்துக்கொண்டு, சரக்குக் கொட்டகைக்குப் பின்னால் புல் மண்டிக் கிடக்கும் பழைய பக்கப்பாதைக்குப் போனேன். அதில் வண்டி ஓடிப் பல வருஷமாகிறது. பக்கத்து லெவல் கிராசிங் கேட்கீப்பரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருந்தால் அது புத்தி.

ஒற்றை ஆளாக டேப் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா மச்சான்? இந்த முனையைப் பிடித்தால் அந்த முனை சுருண்டு ஓடிவருகிறது. அதனால் பாதையில் நீட்டிப் படுத்து, ஒரு முனையைக் கால் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, மறுமுனையைக் கழுத்துவரை இழுத்து அளந்தேன். பிறகு, தண்டவாள மட்டத்தில் கண்ணை வைத்தால்தான் கட்டைகளின் வரிசை எப்படித் தெரியும் என்பது புரியும் என்று தோன்றி, கன்னத்தைத் தண்டவாளத்தின்மேல் வைத்தேன். கேட்கீப்பர் பார்த்தது அப்போதுதான். ஓடிவந்து என் இரண்டு காலையும் பிடித்து இழுத்தார்.

"சார், எந்திரிங்க சார். எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம்."

"ஒரு நிமிஷம் விடுப்பா, முடிச்சிடறேன்."

"வீட்ல இருக்கவங்கள நெனச்சுப் பாருங்க சார்."

"இதுல ரயிலே வராதுப்பா."

"அது நீங்க செஞ்ச புண்ணியம் சார்" என்று சொல்லிவிட்டு மனிதர் அழ ஆரம்பித்துவிட்டார். நான் அவரைத் தேற்றிக்கொண்டிருக்கும்போதே யாரோ வீட்டுக்கும் சொல்லி, தங்கள் தங்கை காலில் செருப்புக்கூட இல்லாமல் ஓடிவந்தாள். என்னைத் திட்டவில்லை. என் முகத்தைப் பார்க்கவே இல்லை. நான் படுத்திருந்த இடத்தைத் தரையோடு தரையாகப் பார்த்தபடி நின்றாள்.

அன்றிலிருந்து வீட்டில் வெட்டுக்கத்தி இல்லை, பசை இல்லை, குளியலறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை. கட்டை செய்ய நகவெட்டியால் மெல்லிய மரச்சீவலை நறுக்கிக்கொண்டிருந்தேன், அதுவும் போய்விட்டது. மகள் மணிக்கொரு தரம் போன் செய்து, "ஒண்ணுமில்லப்பா, சும்மாதான் கூப்பிட்டேன்" என்கிறாள். டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். "எது உங்க மனசப் போட்டு அரிக்குது?" என்றார். "இடைவெளி டாக்டர்" என்றேன். "யாருக்கும் யாருக்கும்?" "கட்டைக்கும் கட்டைக்கும்." அவர் தங்கள் தங்கையைத் தனியாக வெளியே அழைத்துப்போனார்.

சிரித்துவிட்டுப் போய்விடலாம்தான். ஆனால் அவள் எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்து என்னையே பார்க்கிறாள், சாப்பாட்டைப் பிசைந்துவிட்டு அப்படியே வைத்துவிடுகிறாள். ரிட்டையரான நாளிலிருந்து நான் மாடியிலேயே கிடக்கிறேன், அவளோடு பேசுவது குறைந்துவிட்டது. யோசித்தால் அவள் நம்பியதில் ஆச்சரியமில்லை. நேற்று, "கட்டை வெட்டலேன்னா ஞாயித்துக்கெழம மானம் போயிடும்டி" என்று கெஞ்சினேன். "நீங்க எதையும் தொட வேண்டாம். எவ்வளவுன்னு சொல்லுங்க, நான் வெட்றேன்" என்று தையல் கத்தரியை எடுத்தாள். நான் அளவு சொல்ல அவள் வெட்ட, நான் இடம் காட்ட அவள் ஒட்ட, இன்று சாயங்காலத்துக்குள் முழுப்பாதையும் முடிந்துவிட்டது. எல்லாக் கட்டையும் ஒரே சீரான இடைவெளி, ஸ்கேல் படுத்துப் பார்த்தாலும் குறை சொல்ல முடியாது.

ஆகவே தாங்கள் தயவுசெய்து சனிக்கிழமை வரவேண்டாம். என் மனம் திடமாக இருக்கிறது. இனிமேல் ரயில்பாதைப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்று உறுதி கூறுகிறேன். எழுதியபிறகுதான் அந்த வார்த்தை சரியில்லை என்று தெரிகிறது. 'போகமாட்டேன்' என்று திருத்தி வாசித்துக்கொள்ளவும். அக்காவுக்கு என் வணக்கங்கள். பிள்ளைகள் எல்லா நலமும் பெற்று, எந்தப் பொழுதுபோக்கும் இல்லாமல் நீடூழி வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் சொற்படி நடக்கும்
மைத்துனன்

பி.கு.: இன்றிரவே ஆள் மூலம் கொடுத்தனுப்ப உறையில் போடுமுன் தங்கள் தங்கை இதை வாங்கிப் படித்தாள். இப்போது என் கையில் எதைப் பார்த்தாலும் வாங்கிப் படிக்கிறாள். கடைசிவரை படித்துவிட்டு மாடிக்குப் போனாள், நானும் பின்னாலேயே போனேன். மேஜையைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "நீங்க படுத்துக்கெடந்த எடத்துல தண்டவாளத் துண்டு ரெண்டும் நுனியோட நுனி சேருதில்ல, அங்க மட்டும் கட்டைங்க நெருக்கமா இருந்துச்சே. இங்க எல்லாம் ஒரே மாதிரி இருக்கு?" என்றாள். மச்சான், இணைப்புக்குப் பக்கத்தில் கட்டைகள் நெருங்கித்தான் வரும். நான் அதை அளக்கவே இல்லை. அதற்குள்தான் காலைப் பிடித்து இழுத்துவிட்டார்களே. தாங்கள் சனிக்கிழமை அவசியம் வரவும். ஒட்டியதைப் பிரிக்க ஆள் வேண்டும். நாளைக் காலையில் கேட்கீப்பர் போன் செய்தால் பதற வேண்டாம். இந்த முறை இரண்டு பேர் படுத்திருக்கிறார்கள் என்பார். டேப்பின் மறுமுனையை அவள் பிடித்துக்கொள்கிறாளாம்.