ஓரத்தில் ஒரு முழங்கை

“இந்த முழங்கைய வெட்டிட்டா படம் பளிச்சுனு இருக்கும் சார்” என்றாள் இளமதி.

“வெட்டக் கூடாது.”

“ஆளே இல்ல. முழங்கை மட்டும் தனியா வந்து நிக்குது.”

“நிக்கட்டும்.”

இளமதி பாலக்கரையில் பிரவுசிங் சென்டர் நடத்துபவள். தினமும் பெண்ணாடத்திலிருந்து பஸ்ஸில் வந்து கடை திறப்பாள். ஞாயிற்றுக்கிழமையும் திறப்பாள். தர்மராஜ் கொண்டுவந்த பென் டிரைவைச் செருகி, படத்தைத் திறந்து வைத்திருந்தாள்.

பலகையில் வரிசையாகக் காயும் களிமண் பிள்ளையார்கள். கூரை இடுக்கு வழியாக அவற்றின் மேல் விழும் வெயில். வலது ஓரத்தில், தூக்கிய கை ஒன்றின் முழங்கை. அதன் அருகே நழுவி வந்து நிற்கும் இரண்டு பச்சைக் கண்ணாடி வளையல்கள்.

“யாரு கை சார் அது?”

தர்மராஜ் சட்டைப் பையிலிருந்து கேமரா கிளப் போட்டிக்காகக் கொடுத்த துண்டுத்தாளை எடுத்து நீட்டினான். படத்தின் அகலம் 1024 பிக்சல் இருக்க வேண்டும். மாலை ஐந்து மணிக்குள் சி.டி.யில் தர வேண்டும். மீறினால் நிராகரிக்கப்படும்.

“இவ்வளவுதானே? இந்தக் கட்டத்துல அகலத்தப் போட்டு ஓகே குடுங்க. உயரம் தானா மாறிக்கும். நான் அந்தப் பொண்ணுக்கு ஹால் டிக்கெட் எடுத்துக் குடுத்துட்டு வந்துடறேன்.”

தர்மராஜ் கட்டத்தில் 1147 என்று அடித்தான்.

அதை அவன் யோசித்துச் செய்யவில்லை. ஜங்ஷன் ரோட்டில் ஒரு பீங்கான் பொம்மைக் கம்பெனியில் அச்சுப் பிரிவு அவன் பொறுப்பு. களிமண் காய்ந்து, சூளையில் வெந்து வெளியே வரும்போது நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு சுருங்கிவிடும். அதனால் எந்த அளவு கேட்டாலும் அந்தப் பன்னிரண்டைக் கூட்டித்தான் அச்சு செய்வார்கள். கல்லூரியை விட்டு வந்ததிலிருந்து அவன் செய்யும் வேலை அது. கை தானாகக் கூட்டிவிட்டது.

இளமதி வந்து அப்படியே பதிந்து கொடுத்த சி.டி.யை வாங்கிக்கொண்டு கிளம்பினான்.

கிளப் செயலாளர் தேசிகன் சார் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அவர் வீட்டு மாடிதான் கிளப். அங்கே புரொஜெக்டரும் ஆறடி அகலத்துக்கு ஒரு வெள்ளைத் திரையும் இருந்தன. அந்த ஆறடிதான் தர்மராஜுக்கு முக்கியம். அவன் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தான். படம் விதிப்படி இருந்தால் திரை முழுவதையும் நிறைக்கும். நிறைத்தால் அந்த முழங்கை நிஜ முழங்கையின் அளவுக்கு வரும்.

தேசிகன் சார் சி.டி.யைப் போட்டார். படம் திரையில் விழுந்தது. பிள்ளையார்கள் இருந்தார்கள். முழங்கை இல்லை.

“பேஷ்! எப்பவும் உங்க படத்துல எல்லாம் ரசமட்டம் வெச்ச மாதிரி நேரா நிக்கும். இது லேசா சாஞ்சிருக்கு. நன்னாயிருக்கு, ஓய்!”

“சார், வலது பக்கம் ஓரம் காணோம்.”

“அளவு மிஞ்சிடுத்து. மிஞ்சினது திரைக்கு வெளியில போயிடும். ஆயிரத்து நூத்து நாப்பத்தேழு போட்டிருக்கீரே, ஏன்?”

தர்மராஜ் நெற்றியைத் தேய்த்தான். “சுருங்கும்னு...”

“எதுல சுருங்கும்?”

“சூளையில சார்.”

தேசிகன் சார் கண்ணாடியைக் கழற்றி அவனைப் பார்த்தார். “நான் இதைச் சூளையில வைக்கப் போறதில்லை. ஓரம்தானே போச்சு? நானே வெட்டிச் சரிபண்ணிடறேன், விடுங்கோ.”

“வேணாம் சார். அந்த ஓரம்தான் படம்.”

“அப்படி என்ன இருக்கு அந்த ஓரத்துல?”

“முழங்கை.”

“யாரோட முழங்கை?”

தர்மராஜ் சி.டி.யை உருவிக்கொண்டு படியிறங்கினான். தேசிகன் சார் மாடியிலிருந்து கத்தினார். “அஞ்சு மணி! படம் எடுத்தவர் எழுந்து நின்னு எப்படி எடுத்தேன்னு சொல்லணும், ஞாபகம் இருக்கட்டும்! வாயைத் திறக்கணும் நீர்!”

நடந்ததைக் கேட்டு இளமதி சிரித்தாள். “இது மண்ணு இல்ல சார், சுருங்கறதுக்கு. அகலம்தானே ஜாஸ்தி? அத மட்டும் குறைச்சிடுவோம்.”

அகலத்தை மட்டும் குறைத்தாள். பிள்ளையார்களுக்குத் தொந்தி போய்விட்டது. இருபது பிள்ளையார்களும் விரதம் முடிந்து வந்தவர்கள்போல நின்றார்கள்.

“சாமி குத்தம் ஆயிடும் சார்” என்று அவளே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

தர்மராஜ் பிள்ளையார்களைப் பார்க்கவில்லை. “அவ முழங்கை இவ்வளவு ஒல்லியா இருக்காது” என்றான்.

“எவ சார்?”

“பூர்ணிமா. என் வூட்டுக்காரி.”

“அவங்களையே கூட்டிட்டு வந்திருக்கலாமே. அளவு பார்த்துப் போட்டிருப்பேன்ல?”

“போன ஆடியில செத்துட்டா.”

இளமதியின் கை மவுசில் நின்றுவிட்டது.

பூர்ணிமா காய்ச்சல் என்று படுத்தாள். எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான் அவனால் யாரிடமும் சொல்ல முடிந்தது.

கம்பெனி கேமரா அவன் பொறுப்பில் இருந்தும் பூர்ணிமாவின் படம் ஒன்றுகூட அதில் இல்லை. அவள் நிற்க மாட்டாள். கேமராவைத் தூக்கினால், “நீங்க நில்லுங்க, நான் புடிக்கிறேன்” என்பாள். “கீழ போட்டுடுவ” என்பான் இவன். அத்துடன் முடிந்துவிடும். கல்யாண ஆல்பத்தில் இருந்தது பவுடர், அவள் இல்லை. சாப்பாட்டு கேரியரோடு ஒருநாள் கம்பெனிக்கு வந்திருந்தாள். அன்று அவன் பொம்மைகளை வளைத்து வளைத்து எடுத்துக்கொண்டிருந்தான். இடையில் களிமண் லாரி வந்தது, இறக்கப் போனான், திரும்ப வந்தான், மறுபடி எடுத்தான். அவள் செத்தபிறகு கேமரா கார்டைத் துழாவியபோதுதான் ஓரத்தில் இந்த முழங்கை கிடைத்தது. வளையல் மாசி மகத்தில் அவன் வாங்கிக் கொடுத்தது. அதனால் சந்தேகமில்லை.

“இருங்க சார். நான் முதல்லேருந்து ஒழுங்கா பண்ணித் தரேன்” என்றாள் இளமதி. கண்ணைத் துடைத்துக்கொண்டே பென் டிரைவில் இருந்த மூலப் படத்தைத் திறந்தாள். துடைத்துக்கொண்டே அளவை அடித்தாள். துடைத்துக்கொண்டே சேமித்தாள்.

பிறகு பார்த்தாள். 1024-இல் கடைசி எண்ணை விட்டுவிட்டு 102 என்று அடித்திருந்தாள். தபால்தலை அளவுக்கு ஒரு படம் இருந்தது. மூலப் படத்தின் மேலேயே சேமித்தாயிற்று.

“திரும்பப் பெருசு பண்ணிடலாம் சார்” என்றாள்.

பெரிதாக்கினாள். முழங்கை, செங்கல் அடுக்கியதுபோலக் கட்டம் கட்டமாக வந்தது. வளையல் இருந்த இடத்தில் இரண்டு பச்சைச் செங்கல்.

தர்மராஜ் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். “வெட்டியிருக்கலாம்” என்றான்.

இளமதி விம்மத் தொடங்கினாள். ஹால் டிக்கெட் இன்னும் வராமல் காத்திருந்த பெண்ணும் காரணம் தெரியாமல் கண் கலங்கினாள்.

அப்போதுதான் அவனுக்குக் கேமரா ஞாபகம் வந்தது. கார்டில் படம் அப்படியே இருக்கும். கம்பெனிக்குப் போன் செய்தான். சதுர்த்தி ஆர்டருக்காக ஞாயிறும் வேலை ஓடியது. பொம்மைகளுக்குக் கண் எழுதும் நீலாவதி எடுத்தாள்.

“என் டிராயர்ல கேமரா இருக்கும். பாலக்கரைக்கு எடுத்துட்டு வரியா?”

“எதுக்கு சார்?”

“நம்ம பிள்ளையார் படத்தப் போட்டியில காட்டப் போறாங்க.”

“சினிமா மாதிரியா? நானும் பாக்கலாமா சார்?”

“வா.”

ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். கையெல்லாம் காய்ந்த கறுப்புப் பெயின்ட். உள்ளே வந்தால் கம்ப்யூட்டரில் ஒட்டிவிடும் என்று வாசலிலேயே நின்றுகொண்டாள். இளமதி ஒவ்வோர் எண்ணையும் வாய்விட்டுச் சொல்லி அடித்தாள். “ஒண்ணு. பூஜ்யம். ரெண்டு. நாலு. சார், நீங்களும் பாருங்க.” ஹால் டிக்கெட் பெண்ணும் எட்டிப் பார்த்துச் சரி என்றாள்.

ஐந்து மணிக்குத் தேசிகன் சார் படியேறி வந்தவர்களை எண்ணி உட்கார வைத்தார். நீலாவதி கதவோரம் நின்றாள். யார் யாரோ எடுத்த படங்கள் வந்து போயின: வெல்லிங்டன் ஏரி, கோபுரத்தில் புறா, கரும்பு டிராக்டர். எடுத்தவர்கள் எழுந்து நீளமாகப் பேசினார்கள்.

பிறகு பிள்ளையார்கள் வந்தார்கள். தொந்தியோடு வந்தார்கள். திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நிறைந்தார்கள். வலது ஓரத்தில் முழங்கை, நிஜ அளவில்.

தர்மராஜ் எழுந்து திரையருகே போனான். தன் கையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். கணக்கு சரியாக இருந்தது.

“திரையை மறைக்காதேயும்! இதுக்குக் கைதட்டாதவா யாரும் இருந்தா எழுந்து போகலாம்” என்றார் தேசிகன் சார். எல்லாரும் தட்டினார்கள். “சொல்லும், எப்படி எடுத்தீர்? அந்த முழங்கை யாரோடது?”

தர்மராஜ் திரும்பி நின்றான். வெளிச்சம் அவன் முகத்தில் விழுந்தது.

“எப்படி எடுத்தேன்னு ஞாபகம் இல்லீங்க. நான் பொம்மையத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன். கை என் சம்சாரத்தோடது. அவ இப்ப இல்ல. அவ படம்னு எங்கிட்ட இருக்கறது இந்த ஓரம் மட்டும்தான்.”

தேசிகன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கதவோரத்திலிருந்து நீலாவதி மெல்லக் கையை உயர்த்தினாள்.

“சார், கோச்சுக்காதீங்க, அது என் கை... நீங்க லாரிக்குப் போனப்ப, ‘உன் கை மொட்டையா இருக்குது நீலா’ன்னு அக்காதான் அவங்க வளையலக் கழட்டி எனக்குப் போட்டுவுட்டு, ‘ஆடாத நில்லு, அவரு வர்றதுக்குள்ள புடிச்சிடறேன்’னு இந்தப் படத்தைப் புடிச்சாங்க.”