பதினெட்டாவது கட்டம்

கட்டம் நிரப்பும் இனத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பேஸ்பால் ஆட்டம் பார்க்கத்தான் வருவார்கள். ஆனால் பார்க்க மாட்டார்கள். கூர் சீவிய இரண்டு பென்சில், தொடாத ரப்பர் ஒன்று, மடியில் கட்டம் போட்ட ஸ்கோர் அட்டை. யார் அடித்தான், யார் ஓடினான், யார் அவுட்டானான் என்று எறும்பு எழுத்தில் இறக்கிக்கொண்டே இருப்பார்கள். எதற்கு? மறுநாள் பேப்பரில் எல்லாம் வந்துவிடுமே! அதைச் சொன்னால் அடிக்க வருவார்கள். வருவார்கள் என்ன, வருவோம்.

அமெரிக்காவில் டொலிடோ நகரத்து வெல்மா கிராபோஸ்கி எங்கள் குலத்துக்கே திலகம். பதினோரு வருஷமாக ஓர் அட்டையில்கூட அடித்தல் திருத்தல் கிடையாது. 1951 ஜூலையில் ஒரு ஞாயிறு மதியம் அந்தப் பெருமைக்கு ஆபத்து வந்தது. எதிரணியால் அல்ல. உள்ளூர் அணி அடித்து நொறுக்கியதால்!

மொத்தம் ஒன்பது இன்னிங்ஸ். எட்டாவதில் உள்ளூர்க்காரர்கள் மட்டை பிடிக்க வந்தபோது உள்ளூர் ஆறு ரன், எதிரணி ஒன்று. அட்டையில் ஓர் இன்னிங்ஸுக்கு ஒன்பது கட்டம், ஆளுக்கு ஒன்று. மூன்று பேர் அவுட்டானால் முடிந்தது. இவர்களோ ஒன்பது பேரும் ஆடி முடித்து, முதல் ஆளே மறுபடி வந்து நின்றான். வெல்மா பல்லைக் கடித்துக்கொண்டு கடைசி இன்னிங்ஸின் கட்டங்களில் கை வைத்தாள்; எப்போதும் இரண்டாவதாக ஆடும் உள்ளூர் அணி, ஏற்கெனவே முந்தியிருந்தால் அதை ஆட வேண்டியிருக்காது. அவையும் நிரம்பி வந்தன. பத்தொன்பதுக்கு ஒன்று. இரண்டு பேர் அவுட், களத்தில் இரண்டு பேர் சுற்றி ஓடிவந்து ஆளுக்கொரு ரன் சேர்க்கக் காத்து நிற்கிறார்கள், மிச்சம் ஒரே ஒரு கட்டம். மட்டையோடு வந்தவன் கிளைட் ஹென்னிங். வெல்மாவின் சமையலறையில் படமாகத் தொங்குபவன். அன்றைக்கு ஒன்றுமே அடிக்காதவன்.

"அவுட்டாகித் தொலைடா, கிளைட்!"

அரங்கமே திரும்பியது. பின்வரிசைச் சுருட்டுக்காரர் எழுந்துவிட்டார்.

"ஏம்மா, நீ எதிரணிக்காரனுங்க வந்த பஸ்ஸுலயா வந்த?"

"இதே ஊருதான்யா நானு! ஒரு கட்டந்தான் பாக்கி இருக்கு!"

"கட்டத்துக்காக அவன் அவுட்டாகணுமா? சார், உங்க வீட்டம்மாவ வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

"பதினோரு வருஷமா முயற்சி பண்றேன்," என்றார் கணவர் ஒட்டோ.

வெல்மா காத்திருக்கவில்லை. கிளைட்தானே என்று, பந்து வருமுன்பே 'அவுட்' என்று எழுதிவிட்டாள்.

டமால்! எட்டாயிரம் பேர் எழுந்து கத்தினார்கள். ஒட்டோவின் தொப்பி ஆகாயத்தில் பறந்தது.

"வேலிய தாண்டிருச்சு! பாரு வெல்மா, பாரு!"

"இருங்க, அழிச்சிட்டிருக்கேன்!"

அழித்தாள், அழித்தாள், கட்டம் கிழிந்து, ஓட்டை வழியே அவள் பாவாடைப் பூ எட்டிப் பார்க்கும்வரை அழித்தாள். நிமிர்ந்தபோது கிளைட் சுற்றி வந்து உட்கார்ந்துவிட்டான். அடுத்தவன் அவுட்டும் ஆகிவிட்டான். இருபத்திரண்டுக்கு ஒன்று.

திரும்பும் பஸ்ஸில் மெல்லக் கேட்டாள்: "எப்படிங்க இருந்துச்சு, அந்த அடி?"

ஒட்டோ யோசித்தார். "சொல்லத் தெரியலியே. நீ பாத்திருக்கணும்."

உச்சுக் கொட்டுகிறீர்களா? கொட்டுங்கள். ஆனால் உண்மையைச் சொல்லுங்கள்: பத்தொன்பது இருபத்திரண்டானதும், கிளைடோடு சேர்த்து மூன்று பேர் சரியாக வருகிறார்களா என்று விரல்விட்டுக் கூட்டிப் பார்த்தீர்கள்தானே?

வாருங்கள், எங்கள் வரிசையில் இடம் இருக்கிறது. பென்சில் மட்டும் உங்களுடையது.